மாலையில் பார்த்தாயிற்று என்ற கட்டம்

போன மாதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் விமலா மூன்று படங்களை அனுப்பியிருந்தார். பிடோக்கில் எங்கள் புளோக்கின் கீழே குடியிருப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டம் ஒன்று இருக்கிறது. கங்கோங் கீரை, வெண்டை, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. விமலாதான் அதன் செயலாளர். தோட்டத்து வாசலுக்கு மேலே, இருட்டியதும் தானே எரிகிற விளக்கு ஒன்று வைக்க அனுமதி கிடைத்துவிட்டதாம். “அங்கிள், இந்த மூணு சென்சார்ல எது வாங்கலாம்? நீங்கதான் எக்ஸ்பர்ட்” என்று எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருந்தார்.

நான் அந்தக் குழுவில் பேசுகிறவன் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூடக் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். ஆனால் இது முப்பது வருடம் நான் செய்த வேலையைப் பற்றிய கேள்வி. சோபாவில் உட்கார்ந்து எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “என்னங்க இது, அரை மணி நேரமா? லவ் லெட்டரா?” என்றாள். கடைசியில் ‘ரெண்டாவது’ என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

உயர்நிலை நான்குக்கு மேல் நான் படிக்கவில்லை. அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி, தேசிய சேவை, ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கேபிள் இழுத்த சில வருடங்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், இரும்பு, திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் தூக்கம். பிறகு வெளிப்புற விளக்குகள் மட்டும் பொருத்துகிற ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். கார் நிறுத்துமிடம், தொழிற்சாலை வாசல், கடைவீட்டு நடைபாதை, படிக்கட்டு, இவைதான் எங்கள் இடங்கள். விளக்கோடு ஒரு ஃபோட்டோசெல்லையும் பொருத்துவோம். விமலா சென்சார் என்றது இதைத்தான். எங்கள் வாயில் வெறும் ‘செல்’. கோழிமுட்டை அளவுதான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் விளக்கை ஏற்றும், விடிந்தால் அணைக்கும். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். அதைத் தேர்ந்தெடுத்துச் சரியான இடத்தில் வைப்பதுதான் என் வேலையின் முக்கால்வாசி.

எங்கள் மேற்பார்வையாளர் சியா. சீனர். சிறு வயதில் அவர் வளர்ந்த குடியிருப்பில் சுற்றிலும் தமிழ் வீடுகள். அதனால் அவருக்குத் தமிழ் வரும். இலக்கணம் இருக்காது, சொல்ல வந்தது மட்டும் தவறாமல் வந்து சேரும். காலையில் யாரைப் பார்த்தாலும் “தம்பி, சோறு தின்னாச்சா?” என்பார். நாற்பது வயதுக்காரரும் அவருக்குத் தம்பிதான். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொள்வார். இன்றைக்குக் கையெழுத்து கிடையாது என்று அர்த்தம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. வயர் சரி, எர்த் சரி, மழைத்தண்ணீர் புகாது என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டம் சியாவே சேர்த்தது: ‘மாலையில் பார்த்தாயிற்று’. செல்லைப் பொருத்தியவன் அன்று மாலை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வானம் மங்கி, விளக்கு தானாக எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்தில் டிக். இதற்கென்றே எங்கள் ஒவ்வொருவருக்கும் மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் மடக்கு ஸ்டூல் ஒன்று கொடுத்திருந்தார்.

பகலிலேயே சோதிக்க வேறு வழி இல்லாமல் இல்லை. கறுப்புக் காலுறை ஒன்றைச் செல்லின் தலையில் மாட்டினால் ஒரு நிமிடத்தில் விளக்கு எரியும். கழற்றினால் கொஞ்ச நேரத்தில் அணையும். மற்ற கம்பெனிகளில் அதோடு வேலை முடிந்தது. சியா ஒத்துக்கொள்ள மாட்டார்.

“சாக்ஸ் போட்டா செல் நல்லா இருக்கு, அது மட்டும் தெரியும். இடம் நல்லா இருக்கா, அது சாக்ஸ் சொல்லாது லா.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று என் முதல் தனி வேலையிலேயே தெரிந்தது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம், எட்டு விளக்குகள். வசதியாக இருக்கிறதே என்று ஒரு விளக்குக்கு நேர் கீழே செல்லை வைத்துவிட்டேன். ஏழு மணிக்கு எட்டும் எரிந்தன. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் எட்டும் அணைந்தன. பிறகு எரிந்தன. பிறகு அணைந்தன. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். “அண்ணே, டிஸ்கோ சூப்பர்! பாட்டு எப்பப் போடுவீங்க?” என்றான் ஒருவன்.

சியா பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “உன் செல் அது விளக்கை அதுவே பாக்குது. விடிஞ்சிடுச்சுன்னு நெனைக்குது, அணைக்குது. அணைச்சா இருட்டு. மறுபடி ஏத்துது. பாவம் தம்பி, ஒரு ராத்திரியில அதுக்கு நூறு நாள் வயசாவும்.” பேனாவுக்கு மூடி விழுந்தது. மறுநாள் இடம் மாற்றினேன்.

செல்லோடு வரும் தாளில், அதை வடக்குப் பார்த்து வைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். “இது எழுதினவன் வீடு குளிர் ஊர்ல. அங்க சூரியன் எப்பவும் தெக்குப் பக்கம்தான் போவும். இங்க பாதி வருசம் இந்தப் பக்கம், பாதி வருசம் அந்தப் பக்கம். தாள் பாக்காத, வானம் பாரு” என்பார். எந்தச் செல் வாங்குவது என்று பட்டியலைத் திறக்கும் முன் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: “யாரு நடக்குறா?” கார்கள் மட்டும் வரும் இடம் என்றால், நன்றாக இருட்டிய பிறகு நிதானமாக எரிகிற செல் போதும். மின்னலுக்கும் கார் விளக்குக்கும் ஏமாறாத செல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படிக்கட்டு என்றால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே எரிந்துவிட வேண்டும். படியில் நடப்பவர்கள் வயதானவர்களா, கையில் சாமானோடு வருகிறவர்களா என்றெல்லாம் கேட்பார். எல்இடி விளக்குகள் வந்தபோது பழைய செல்களின் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு பட்டப்பகலில் விளக்குகள் எரிந்தன. அப்போது எல்லோரும் புது விளக்கைத் திட்ட, அவர் மட்டும் எந்தச் செல் எந்த விளக்கைத் தாங்கும் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்.

இப்போது பெரிய இடங்களில் ஒரு கம்ப்யூட்டரே எல்லா விளக்குகளையும் பார்த்துக்கொள்கிறது. யாரும் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டாம். எனக்கு அந்த மாலைகள்தான் ஏக்கமாக இருக்கின்றன. வானம் மங்குவதைப் பார்ப்பதே வேலையாக இருந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு மைனாக்கள் மரத்துக்கு மரம் சண்டை போடும். பிறகு ஒரே நொடியில் அடங்கும். அதற்குப் பிறகுதான் விளக்கு வரும். ஒரே ஒரு மாலையை நான் பார்க்காமல் விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளிக்காலம். தேக்கா சந்தையிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மூலைக் கடைவீடு. கீழே பாத்திரக் கடை, மேலே ஜைனம்பு அக்காவின் தையல்கடை. அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தது. தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்க ரவிக்கை தைத்தே அவருக்குப் பொழுது போகும். மாடிக்கு ஏறும் படிக்கட்டு பக்கத்துச் சந்துக்குள் இருந்தது. அந்தப் படிக்கட்டுக்கு விளக்கும் செல்லும் போடச் சொல்லிக் கட்டட உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

மதியமே வேலையை முடித்தேன். வடக்குப் பார்த்த இடம் வசதியாக இருந்ததால், செல்லோடு வந்த தாளில் உள்ளபடியே வைத்தேன். சாக்ஸ் மாட்டினேன், எரிந்தது. கழற்றினேன், அணைந்தது. ஆறரை மணிக்குப் படிக்கட்டுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மேலே பெண்கள் ரவிக்கை அளவு கொடுக்க ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். நான் அவர்களுக்கு நேராக, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெண் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னொருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: “யாருக்கு வெய்ட் பண்றீங்க அண்ணே? உள்ள போய்க் கூப்பிடட்டுமா?”

“இல்ல... லைட்டுக்கு” என்றேன்.

“லைட்டுக்கா!” சிரிப்புச் சத்தம் மாடி வரைக்கும் போனது. என் காது சுட்டது. ஸ்டூலை மடித்தேன். எத்தனையோ மாலை பார்த்தாயிற்று, ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்தேன். ரயிலில் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன்.

பத்து நாள் கழித்து உரிமையாளரிடமிருந்து புகார் வந்தது. ஜைனம்பு அக்கா முந்தின நாள் கடையைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது கடைசிப் படிகளில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விளக்கு எரியவில்லை என்று அக்கா சொன்னாராம். எங்கள் ஆள் ஒருவர் பகல் பன்னிரண்டுக்குப் போய்ச் சாக்ஸ் மாட்டினார். எரிந்தது. சியா என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, நீ பாத்த, இல்ல?”

“பாத்தேன் சார்.”

அவர் தாளைக்கூட மறுபடி பார்க்கவில்லை. விளக்கில் குறை இல்லை என்று பதில் போய்விட்டது. ஆனாலும் படி விளிம்பில் வெள்ளைப் பட்டை ஒட்டிவிட்டு வா, அந்தம்மாவுக்கு உதவியாக இருக்கும் என்று என்னையே அனுப்பினார்.

படியில் குந்தி ஒட்டிக்கொண்டிருந்தேன். மேலே கதவு திறந்திருந்தது. ஜைனம்பு அக்காவும் அவர் மகள் நூரும் பேசுவது கேட்டது.

“உம்மா, லைட்டு நல்லாத்தான் இருக்கு. செக் பண்ணி ரிப்போர்ட்டே குடுத்துட்டாங்க. உங்க கண்ணுதான்.”

“எரியலன்னா எரியல. நாப்பது வருசமா ஊசியில நூல் கோக்குறேன், என் கண்ணு எனக்குத் தெரியாதா?”

“கண்ணு கொஞ்சம் கொஞ்சமா போனா யாருக்கும் தெரியாது உம்மா. அன்னைக்கு மீன் ஆணத்துல உப்புக்குப் பதிலா சீனி போட்டீங்களா இல்லையா?”

“ரெண்டையும் ஒரே மாதிரி போத்தல்ல வாங்கி வெச்சது யாரு?”

“சரி, நான்தான். விடுங்க. இந்த தீபாவளி ஆர்டர எப்படியாவது முடிச்சுக் குடுத்துருவோம். அப்புறம் போதும். மெசின யாருக்காச்சும் குடுத்துட்டு வீட்ல இருங்க. ப்ளீஸ் உம்மா. அடுத்த தடவ கை இல்ல, தலை.”

பிறகு ஜைனம்பு அக்காவின் குரல் வந்தது. அதுவரை இருந்த குரல் இல்லை அது.

“நெசமாவே எரிஞ்சிச்சா நூரு?”

என் கையில் பட்டை அப்படியே நின்றது. அவர் கோபமாகப் பேசிய வரைக்கும் நான் தாங்கிக்கொண்டிருந்தேன். தன் கண்ணையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்ததைத் தாங்க முடியவில்லை. என் டிக்கை நம்பி அவர் மெஷினை விடப்போகிறார்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூல் கொண்டுவரவில்லை, எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றேன். பெண்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். வானம் மங்கியது. செல் விழிக்க இன்னும் சில நிமிடங்கள்தான் இருக்கும். அப்போது ஏழு மணி ஆனது. பெரிய சாலையில் தீபாவளி அலங்கார வளைவுகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. மஞ்சளும் சிவப்புமாக அந்த ஒளி சந்தின் வாய் வழியாக நுழைந்து, நான் செல் வைத்த சுவர்மேல் நேராக விழுந்தது. செல்லுக்கு அது பகல். கீழே படிகளுக்கு அந்த ஒளி எட்டவே இல்லை. அங்கே இருட்டு கூடிக்கொண்டே போனது. விளக்கு எரியவில்லை. கீழே பாத்திரக் கடையில் ஏணி கேட்டு வாங்கி, ஏறி உள்ளங்கையால் செல்லை மூடினேன். மனத்துக்குள் எண்ணினேன். எரிந்தது. கையை எடுத்தேன். சற்று நேரத்தில் அணைந்தது.

மற்றவர்கள் கவனிக்காததற்கும் காரணம் இருந்தது. வாடிக்கையாளர்கள் இறங்கும்போது மாடிக் கதவு திறந்திருக்கும், கடை வெளிச்சம் படியில் விழும். கடை விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, முழு இருட்டில் இறங்குகிறவர் ஜைனம்பு அக்கா ஒருவர்தான்.

மறுநாள் காலை காப்பிக்கடையில் சியாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் உக்காரல?”

“வெக்கமா இருந்துச்சு சார். பொம்பளைங்க வர்ற எடம்...”

“எனக்கு வெக்கம் இல்லையா? ரோட்ல ஸ்டூல் போட்டு மேல பாக்குறேன், ரெண்டு தடவ போலீஸ் ஐசி கார்டு கேட்டான். ஒரு ஆன்ட்டி பைத்தியம்னு நெனச்சி எனக்கு பன் வாங்கிக் குடுத்துச்சு.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டுப் பைக்குள் குத்தினார். “நீ என்கிட்ட பாத்தேன் சொன்ன. நான் அந்தம்மாவ நம்பல, உன்ன நம்பினேன்.”

“சாரி சார்.”

“எனக்கு வேணாம். அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. மக பக்கத்துல இருக்கும்போது சொல்லு. மக கேக்கணும்.”

மதியம் போய்ச் செல்லைப் பின்சந்துப் பக்கம் திருப்பினேன். வானம் மட்டும் தெரியும்படி ஒரு குழாய்த் துண்டை வெட்டிக் குல்லாய்போல மாட்டினேன். நூர் வேலை முடிந்து வரும்வரை கீழேயே காத்திருந்து, ஆறரைக்குச் சியாவோடு மாடி ஏறினேன். ஜைனம்பு அக்கா கட்டுப் போட்ட கையைத் துண்டில் தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் துணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பயிற்சி எடுத்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அக்கா, உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு” என்று தொடங்கிவிட்டேன். “லைட்டு எரியல. எரியறத நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு எழுதிட்டேன். முந்தாநாள் நின்னு பாத்தேன். ரோட்டு லைட்டு வந்ததும் இது எரியாம நின்னுடுது.”

நேற்று என்பதை முந்தாநாள் என்று உளறியது பிறகுதான் தெரிந்தது.

நூர் எழுந்துவிட்டார். “அண்ணே, நான் எங்க உம்மாவ என்னெல்லாம் சொல்லிட்டேன் தெரியுமா? கண்ணு டாக்டர்கிட்ட...” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜைனம்பு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலருகே நின்றேன், அவர் அறையின் அந்தக் கோடியில் இருந்தார். என் சட்டை கருநீலக் கம்பெனிச் சட்டை.

“மேலேர்ந்து ரெண்டாவது பட்டன் கறுப்பு நூல்ல தெச்சிருக்கு. யாரு தெச்சது?”

“நான்தான்க்கா.”

“தெரியுது. இழுத்தா வந்துரும்.” மகளைப் பார்த்தார். “பாத்தியா நூரு? இங்கேர்ந்து தெரியுது.” பிறகு என்னிடம், “உங்க மேல கோவம் இருக்கு தம்பி. கை சேர்றவரைக்கும் இருக்கும். இப்ப அந்த லைட்டக் காட்டுங்க” என்றார்.

நாலு பேரும் சந்துக்கு இறங்கினோம். ஸ்டூலை விரித்தேன், அவரை உட்கார வைத்தோம். ஏறி இறங்கிய பெண்கள், “என்னக்கா இங்க?” என்று கேட்டபோதெல்லாம், “லைட்டுக்கு வெய்ட்டிங்” என்றார். ஏழு மணிக்குப் பெரிய சாலையில் வளைவுகள் எரிந்தன. பத்திரமாகக் குல்லாய்க்குள் இருந்த என் செல் அதைப் பார்க்கவில்லை. படிகள் சாம்பல் நிறமாயின. நான் விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“வந்துருச்சு” என்றார் ஜைனம்பு அக்கா.

குழல் விளக்கின் ஒரு முனையில் செம்மையாக ஒரு பொட்டு. எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் அவருக்குத்தான் அது தெரிந்தது. இரண்டு தடவை துடித்து, முழுக்க எரிந்தது.

சியா பையிலிருந்து தாளை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். என் பழைய டிக்கை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்தார். நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் பேனாவை ஜைனம்பு அக்காவிடம் கொடுத்தார்.

“நீங்கதான் பாத்தது. நீங்க போடுங்க.”

மகள் தாளைப் பிடித்துக்கொள்ள, அவர் டிக் போட்டு, கீழே தமிழில் தம் பெயரை முழுசாக எழுதினார்.

அதற்குப் பிறகும் பல தீபாவளிகளுக்கு அந்த மெஷின் அங்கே ஓடியது. சியா ஓய்வு பெற்று மலேசியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முழங்கால் ஏணியை மறுத்ததால் நானும் போன வருடம் வேலையை விட்டேன்.

விமலாவுக்கு மீதிப் பதிலை நேற்று அனுப்பினேன், குழுவில், எல்லோரும் பார்க்கும்படியே: “ரெண்டாவதுன்னு சொன்னேன், ஆனா அந்த மூணுல எது வாங்கினாலும் பரவாயில்ல. தோட்டத்து வாசலுக்குப் பக்கத்துல தெருவிளக்கு இருக்கு, அதப் பாக்காத மாதிரி வெக்கணும். மாட்டுற அன்னைக்கு ஆறரைக்கு நான் கீழ வந்து உக்காருறேன். ஸ்டூல் என்கிட்ட இருக்கு.”